தோட்டப்புறச் சிறுநகர்களில் தாதிமைத் தொழில்: மலாயாத் தமிழ்ப் பெண்களும் கல்வி எனும் வாயிலும்

முன்னுரை

மலேசியத் தமிழர் வரலாறு குறித்த ஆய்வுகள் தோட்டத் தொழிலாளி, கங்காணி, தொழிற்சங்கம், தமிழ்ப்பள்ளி ஆகிய நான்கையும் விரிவாகவே பேசியுள்ளன. அதே தோட்டங்களில் நோயுற்றோரைப் பேணியவர்கள் யார், அவர்கள் அத்தொழிலுக்கு எவ்வாறு வந்தனர், அது அவர்களுக்கு எத்தகைய வாழ்வைத் தந்தது என்னும் வினாக்கள் அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை. இரப்பர்த் தோட்டங்களைச் சார்ந்து வளர்ந்த சிறுநகர்களில் தாதிமை ஒரு தொழிலாக உருப்பெற்ற வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. கோல சிலாங்கூர், பந்திங், சுங்கை சிப்புட், தெலுக் இந்தான், குளுவாங் போன்றவை இத்தகைய சிறுநகர்களுக்கு எடுத்துக்காட்டுகளாகும்.

தோட்டங்களில் மருத்துவமனை அமைய வேண்டும் என்று சட்டம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வலியுறுத்தியது. எனினும் அத்தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள் சீருடை அணிந்த தாதியராகக் குறிப்பிடத்தக்க எண்ணிக்கையில் வெளிவர மேலும் அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. இந்த நீண்ட இடைவெளிக்குப் பெண்களின் விருப்பமின்மையோ தமிழ்க் குடும்பங்களின் கட்டுப்பாடோ முதன்மைக் காரணம் அன்று. எந்தப் பள்ளியில், எந்த மொழியில், எத்தனை ஆண்டு படிக்க முடிந்தது என்பதே அதை முடிவு செய்தது என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெயர்களும் பொருளும்

ஒரு தொழிலுக்கு வழங்கும் பெயர்கள் அத்தொழிலின் மதிப்பையும் காட்டுவன. பழந்தமிழ் அகமரபில் செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். தொல்காப்பியம் அவளைக் கூற்றுக்கு உரியோருள் ஒருத்தியாக வைத்துப் பேசுகிறது. இன்றைய தமிழகத்தில் ‘செவிலியர்’ என்னும் சொல் அவ்வழியே வந்தது. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய நாடுகளில் ‘தாதி’ என்னும் சொல்லே பெருவழக்காயிற்று. வளர்ப்புத்தாய் என்னும் பொருளும் பணிப்பெண் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு முன்பே இருந்தன. நாட்டில் பொதுவாக வழங்கும் ‘மிசி’ என்னும் பேச்சுவழக்கோ ஆங்கிலத்திலிருந்து மலாய் வழியாக வந்தது.

தோட்டத்து வழக்கில் மேலும் மூன்று பெயர்கள் உண்டு. அவை டிரெசர், மருத்துவச்சி, ஆயா என்பன. டிரெசர் என்பவர் ஆண், ஆங்கிலம் கற்றவர், மாதச் சம்பளக்காரர். மருத்துவச்சி மகப்பேறு பார்த்தவர். ஆயா தாய்மார் வேலைக்குச் சென்றபின் குழந்தைகளைக் காத்தவர். பின்னிருவரும் பெரும்பாலும் லயங்களிலேயே வாழ்ந்த பெண்கள். பேணுதல் என்னும் ஒரே பணி இவ்வாறு மூன்றாகப் பிரிந்து கிடந்ததே தோட்டத் தாதிமை வரலாற்றின் தொடக்கமாகும்.

சட்டம் தந்த மருத்துவமனை

1905ஆம் ஆண்டுக்குப் பின் இரப்பர் விலை ஏறியபோது மேற்குக் கரையோரக் காடுகள் விரைவாக அழிக்கப்பட்டன. 1907ஆம் ஆண்டில் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். காடழிந்த மண்ணில் தேங்கிய நீரும் புதிதாக வந்திறங்கிய மக்களும் ஒருங்கு சேர்ந்தபோது மலேரியா பெருங்கொல்லியாயிற்று. 1897இல் ரொனால்டு ரோஸ் கொசுவுக்கும் மலேரியாவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்தார். அந்த அறிவைக் கொண்டு 1901 முதல் கிள்ளான் வட்டாரத்தில் வடிகால் அமைத்து நோயைக் கட்டுப்படுத்தியவர் மருத்துவர் மெல்கம் வாட்சன். கோலாலம்பூரில் 1900ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஆய்வுக்கழகம் நிறுவப்பட்டதற்கும் இந்நோய்ச் சூழலே பின்னணியாகும்.

தொழிலாளர் இறப்பு முதலாளிகளுக்கு இழப்பாகவும், இந்திய அரசின் கண்டனத்திற்குக் காரணமாகவும் அமைந்தது. கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் குடியிருப்பு, குடிநீர், மருத்துவமனை, பேறுகால உதவி, குழந்தைக் காப்பகம், பள்ளி ஆகியவற்றைத் தோட்ட நிருவாகத்தின் கடமையாக்கின. பெருந்தோட்டங்கள் தமக்கென மருத்துவமனை வைத்துக்கொண்டன. சிறு தோட்டங்கள் பல ஒன்றுகூடிச் சிறுநகருக்கு அருகில் கூட்டு மருத்துவமனை அமைத்துக்கொண்டன. மருத்துவர் ஒருவர் பல தோட்டங்களுக்குப் பொறுப்பேற்றுக் குறித்த நாள்களில் வந்து செல்வார். அவர் வராத நாள்களில் மருத்துவமனையை நடத்தியவர் டிரெசரே.

இங்கு ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். இச்சட்டங்கள் கட்டடத்தையும் கட்டிலையும் மருந்தையும் பற்றிப் பேசின. அங்கே பணிபுரியும் பெண்ணை ஒரு தொழில்வல்லுநராக உருவாக்குவது பற்றி அவை அக்கறை கொள்ளவில்லை. தோட்ட மருத்துவத்தின் நோக்கம் உழைப்பாளியை மீண்டும் வேலைக்கு அனுப்புவதே ஆதலின், தாதிப் பயிற்சி என்னும் எண்ணமே அங்கு எழவில்லை எனலாம்.

டிரெசரின் அதிகாரம்

டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத் தமிழரும் மலையாளிகளும் ஆவர். கிராணி, கண்டக்டர் போன்று இவர்களும் ஆங்கிலக் கல்வியின் வழியே தோட்ட அலுவலர் வரிசையில் இடம்பெற்றவர்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் கொயினா மருந்தைத் தம் கண்முன்னே விழுங்கச் செய்தல், வேலைக்கு வராதவரை லயத்தில் சென்று பார்த்தல், புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல், வடிகாலில் எண்ணெய் தெளிப்பதை மேற்பார்த்தல், பிறப்பு இறப்புகளைப் பதிவேட்டில் எழுதுதல் ஆகியவை இவர்தம் அன்றாடப் பணிகளாயின.

இவரிடம் இருந்த மற்றோர் அதிகாரம் நோய் விடுப்பு. வேலைக்குச் சென்றால்தான் அன்றாடக் கூலி என்றிருந்த சூழலில், ஒருவர் நோயாளியா அல்லரா என்று முடிவு செய்பவர் தொழிலாளிக்கும் நிருவாகத்திற்கும் நடுவே நின்றார். பரிவுடைய டிரெசரைத் தெய்வமாகப் போற்றிய தோட்டங்களும் உண்டு. நிருவாகத்தின் கண்காணியாகவே கருதி அஞ்சிய தோட்டங்களும் உண்டு. தாதிமைக்கு உரிய பேணுதல் பணி ஆண் அலுவலரின் அதிகாரமாக உருமாறியது மலாயாத் தோட்டங்களின் தனித்தன்மையாகும்.

நகரங்களின் நிலை வேறு. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1885ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கன்னிமடச் சகோதரியர் தாதிப் பணியை ஏற்றனர். 1896இல் இலண்டனில் அமைந்த குடியேற்ற நாட்டுத் தாதியர் சங்கத்தின் வழியே ஐரோப்பியத் தாதியர் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களின்கீழ்ப் பயிற்சி பெற்ற ஆசியப் பெண்களோ நகரத்து ஆங்கிலப் பள்ளிகளிலும் கன்னிமடப் பள்ளிகளிலும் படித்தவர்கள். தோட்டத்துப் பெண் அந்த வரிசையில் நிற்பதற்கே வழியில்லை.

மருத்துவச்சியும் ஆயாவும்

தமிழகச் சிற்றூர்களில் மகப்பேறு பார்த்தல் பெரும்பாலும் நாவிதர் குலப் பெண்களின் மரபுத்தொழில். குருதியும் தீட்டும் தொடர்புடைய பணி என்பதால் அதற்குத் தேவை மிகுதியாக இருந்தும் மதிப்புக் குறைவாகவே இருந்தது. அந்த மனப்பாங்கு கடல் கடந்தும் வந்தது. ஆயினும் தோட்ட வாழ்வில், கைதேர்ந்த முதிய பெண் எவராயினும் அண்டை வீட்டாரின் பேறுகாலத்துக்குத் துணைநின்றார். சில தோட்டங்கள் இத்தகைய ஒருவரை மருத்துவமனைப் பணியாளாகவும் அமர்த்திக்கொண்டன. கைந்நாட்டு வைப்பவராயினும் பிள்ளையின் கிடையைத் தொட்டுணர்ந்து கூறும் திறன் பெற்றவர்கள் இவர்களுள் இருந்தனர்.

ஆயாவின் பணியும் எளியதன்று. தாய்மார் விடியுமுன்னே மரம் சீவச் செல்ல, கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வர். தூளிகளை ஆட்டுதல், பால் கரைத்துக் கொடுத்தல், காய்ச்சல் கண்ட குழந்தையை டிரெசரிடம் எடுத்துச் செல்லுதல் ஆகியவை ஆயாவின் கடமைகள். ஒரு தோட்டத்தின் குழந்தை நலம் பெரும்பாலும் இவர் கையிலேயே இருந்தது.

இவ்விருவரும் செய்த பணியின் உள்ளடக்கம் இன்று தாய்சேய் நலத் தாதிமை என வழங்கப்படுவதே. எனினும் சான்றிதழ் இல்லை, பதவிப்படி இல்லை, பணி உயர்வும் இல்லை. மருத்துவச்சியின் மகள் அவரிடமிருந்து கைத்திறனைக் கற்றுக்கொள்ளலாம். அத்திறனைக் கொண்டு பதிவு பெற்ற தாதியாக முடியாது. திறனுக்கும் தகுதிக்கும் இடையே எழுத்தறிவு என்னும் சுவர் நின்றது.

போர்க்காலம்: குறுகிய திறப்பு

1942 முதல் 1945 வரையிலான சப்பானிய ஆட்சிக்காலம் தோட்ட மருத்துவத்தைச் சிதைத்தது. மருந்து அருகியது, உணவு குறைந்தது, சயாம்-பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்டனர்.

இந்த இருண்ட காலத்திலேயே மாறுபட்ட ஒரு நிகழ்வும் நேர்ந்தது. 1943இல் சிங்கப்பூரில் மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் உருவான ஜான்சி ராணிப் படையில் மலாயாவின் நகரப் பெண்களோடு தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். படையில் தாதிமைப் பிரிவும் இருந்தது. 1944இல் இம்பால் போர்முனையிலிருந்து திரும்பிய காயமுற்ற வீரர்களுக்குப் பர்மாவின் மேம்யோவில் இப்பெண்கள் பணிவிடை செய்தனர். சாதி, தீட்டு, குடும்பக் கட்டுப்பாடு என்று கூறப்பட்ட தடைகள், அழைப்பும் பயிற்சியும் கிடைத்தபோது தளர்ந்தன என்பதற்கு இது தக்க சான்றாகும்.

போர் முடிந்தபின் 1946இல் இந்திய தேசியக் காங்கிரசு அனுப்பிய மருத்துவக் குழு மலாயாவில் பணியாற்றியது. படையில் பணியாற்றிய ஜானகி ஆதி நாகப்பன் அக்குழுவுடன் இணைந்து தொண்டு செய்தார். எனினும் படை கலைந்தபின், அதில் தாதிமை பயின்ற தோட்டத்துப் பெண்களை அத்தொழிலிலேயே நிலைநிறுத்தும் அமைப்பு எதுவும் ஏற்படவில்லை. திறந்த வாயில் விரைவிலேயே மூடிக்கொண்டது.

கிராமத்திற்கு வந்த தாதியும் தோட்டத்திற்கு வராத தாதியும்

போருக்குப் பின் தாதிமை ஒரு நாட்டுத் தொழிலாக ஒழுங்கமைக்கப்பட்டது. 1947இல் பினாங்கில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டம் பதிவு முறையை ஏற்படுத்தியது. 1950களில் கெடாவின் ஜித்ராவில் கிராமச் சுகாதாரப் பயிற்சி நிலையம் அமைந்தது.

விடுதலையை ஒட்டி உருவான கிராமச் சுகாதாரத் திட்டம் மூன்றடுக்கு உடையது. 50,000 பேருக்கு ஒரு தலைமைச் சுகாதார நிலையம், நான்கு துணை நிலையங்கள், இருபது மருத்துவச்சி நிலையங்கள் என அது வகுக்கப்பட்டது. இதன்படி ஏறத்தாழ 2,000 பேருக்கு ஒரு மருத்துவச்சி. அவருக்குப் பணியிடமும் குடியிருப்பும் ஒரே கட்டடத்தில். இப்பணிக்கு உள்ளூர்ப் பெண்களே தேர்ந்தெடுக்கப்பட்டனர். உயர்ந்த ஆங்கிலக் கல்வி இல்லாத மலாய்க் கிராமத்துப் பெண்ணும் தம் மொழியில் பயிற்சி பெற்று, அரசுச் சம்பளத்தில், தம் மக்களிடையே பணியாற்ற முடிந்தது. 1970களில் இத்திட்டம் ஈரடுக்காக மாற்றப்பட்டபோது மருத்துவச்சிகள் மேற்பயிற்சி பெற்றுக் கிராமத் தாதியராக உயர்ந்தனர். உலகச் சுகாதார வரலாற்றில் மலேசியாவின் தாய்சேய் இறப்புக் குறைப்பு பாராட்டப்படுவதற்கு இப்பெண்களின் உழைப்பு பெருங்காரணம்.

இதே காலத்தில் தோட்டங்களின் நிலை என்ன? தோட்டம் தனியார் நிலம். அங்கு வாழ்வோரின் உடல்நலம் நிருவாகத்தின் பொறுப்பு என்னும் பழைய கருத்தே தொடர்ந்தது. ஆதலால் ஊரக மேம்பாட்டுத் திட்டங்கள் தோட்டத்தின் வேலியோடு நின்றன. கிராமத்துப் பெண்ணுக்குக் கிடைத்த தாய்மொழிவழித் தாதிப் பயிற்சிக்கு இணையான ஒன்று தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணுக்கு உருவாக்கப்படவில்லை. அரசு அதைத் தன் கடமையாகக் கொள்ளவில்லை. நிருவாகங்களுக்கு அது செலவு. சம்பளத்தையும் வேலைப் பாதுகாப்பையும் முன்னிறுத்திப் போராடிய தொழிற்சங்கங்களுக்கும் அது முதன்மைக் கோரிக்கை ஆகவில்லை.

அரசின் சட்டங்களும் இப்பிரிவை உறுதிப்படுத்தின. தோட்ட மருத்துவ உதவியாளர்களின் பதிவுக்கு 1965இல் தனிச்சட்டம் வந்தது. 1966ஆம் ஆண்டில் மருத்துவச்சியர் சட்டம் வந்தது. அரசு மருத்துவ உதவியாளர்களுக்கு 1977இல் வேறொரு சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்து டிரெசருக்குப் பதிவும் மதிப்பும் கிடைத்தன. ஆயாவின் பணி எந்தப் பதிவேட்டிலும் தொழில்திறனாக இடம்பெறவில்லை.

பள்ளி எனும் வாயில்

தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு முடிந்தது. பல இடங்களில் அதற்கும் முன்னரே முடிந்தது. தாதிப் பயிற்சிக்கு இடைநிலைக் கல்வியும் ஆங்கிலமும் தேவைப்பட்டன. இடைநிலைப்பள்ளி சிறுநகரில் இருந்தது. அங்கு செல்லப் பேருந்துக் கட்டணமும் சீருடையும் வேண்டும். மகளை நகருக்கு அனுப்பினால் வீட்டில் தம்பி தங்கையரைப் பார்ப்பவர் யார், மரம் சீவத் துணைக்குச் செல்பவர் யார் என்னும் கேள்விகளும் எழுந்தன. 1960களின் நடுப்பகுதிவரை இடைநிலைப்பள்ளி நுழைவுத்தேர்வும் ஒரு தடையாக இருந்தது. அத்தேர்வு நீக்கப்பட்டபின் தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயின்று இடைநிலைப்பள்ளியைத் தொடரும் வழி அகன்றது.

இதன் விளைவாக, சிறுநகரின் தமிழரிடையே இரு வேறு நிலைகள் தோன்றின. டிரெசர், கிராணி, ஆசிரியர், இரயில்வே ஊழியர் ஆகியோரின் மகளிர் நகரத்து ஆங்கிலப் பள்ளியில் படித்துத் தாதியராயினர். 1960களிலும் 1970களிலும் பிரிட்டனின் மருத்துவமனைகள் பயிற்சித் தாதியரை வெளிநாடுகளிலிருந்து சேர்த்துக்கொண்டபோது, மலேசியச் சிறுநகர்களிலிருந்து புறப்பட்டவர்களுள் தமிழ்ப் பெண்களும் இருந்தனர். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் தங்குமிடமும் கிடைத்தமையால், பல்கலைக்கழகக் கட்டணம் செலுத்த இயலாத குடும்பங்களுக்கு அது பெரும் வாய்ப்பாயிற்று. பால்மரம் சீவியவரின் மகளுக்கோ அந்த வாய்ப்பு மிக அரிது. தாதிமைத் தொழிலுக்குள் தமிழர் நுழைந்தனர் என்று பொதுவாகக் கூறுவது இந்த வேறுபாட்டை மறைத்துவிடும்.

1970இல் தொடங்கி ஆங்கிலவழிப் பள்ளிகள் படிப்படியாக மலாய்வழிக்கு மாறின. தோட்டத்துப் பெண்ணுக்கு இம்மாற்றம் இருவகையாக அமைந்தது. ஆங்கிலப் பள்ளிக்கு மட்டுமே உரியதாக இருந்த வாயில் பொது இடைநிலைப்பள்ளிக்கு உரியதாயிற்று. எனினும் தமிழ்வழியில் ஆறாண்டு கற்றவர் மலாயில் அறிவியலும் கணிதமும் கற்றுத் தேற வேண்டியிருந்தது. இடைநிலைக் கல்வியை முடிக்காமல் நின்றவர் பலர். முடித்தவருள் தாதிப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர், தம் தோட்டத்தின் முதல் அரசு ஊழியர் என்னும் பெருமையைப் பெற்றனர். மாதச் சம்பளம், ஓய்வூதியம், வங்கிக் கடனுக்குத் தகுதி ஆகியவற்றால் ஒரு மகளின் தாதி வேலை குடும்பத்தையே லயத்திலிருந்து சிறுநகர் வீட்டுக்குக் கொண்டுவந்தது. தம்பி தங்கையரின் கல்விச் செலவையும் அச்சம்பளமே தாங்கியது. இரவுப்பணி, ஆண் நோயாளியைத் தொடுதல் ஆகியவற்றைக் காரணம் காட்டி முதலில் தயங்கிய பெற்றோரும், முதல் சம்பளத்திற்குப் பின் அதே காரணங்களை எழுப்பவில்லை.

தோட்டம் கரைந்த பின்

1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடலும், 1980களிலும் 1990களிலும் விரைவுற்ற செம்பனை மாற்றமும், வீடமைப்புத் திட்டங்களுக்கான நில விற்பனையும் தோட்டச் சமுதாயத்தைக் கலைத்தன. தொழிலாளர் குறைந்தபோது தோட்ட மருத்துவமனைகள் சிறு மருந்தகங்களாகச் சுருங்கின, பல மூடப்பட்டன. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிச் சட்டம் மருத்துவ வசதியையும் குழந்தைக் காப்பகத்தையும் நிருவாகத்தின் கடமையாக மீண்டும் வகுத்தது. ஆனால் அதற்குள் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் வெளியேறத் தொடங்கிவிட்டன.

வெளியேறியவர்களின் மகளிர் சிறுநகர்களிலும் நகரப் புறங்களிலும் வளர்ந்தனர். தனியார் மருத்துவமனைகளும் தனியார் தாதியர் கல்லூரிகளும் பெருகியபின் தாதிமை எளிதில் அணுகத்தக்க தொழிலாயிற்று. அதே வேளையில் முன்பு உதவித்தொகையோடு கிடைத்த பயிற்சி, இப்போது பலருக்குக் கடன் வாங்கிக் கற்கும் படிப்பாக மாறியது. சிங்கப்பூரும் மத்தியக் கிழக்கும் நல்ல ஊதியம் தந்து அனுபவமுள்ள தாதியரை ஈர்த்தன. சிறுநகர் வளர்த்த தாதி சிறுநகரிலேயே தங்குவது அரிதாயிற்று.

ஆயாக் கொட்டகைகளும் பழைய மருத்துவச்சிகளும் பெரும்பாலும் நினைவுகளாகிவிட்டனர். அவர்களது பணியை அறிந்தோர் முதுமையடைந்துள்ளனர். தோட்ட மருத்துவமனைப் பதிவேடுகளோ தோட்டங்கள் கைமாறியபோது பல இடங்களில் அழிந்தன.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, தோட்டங்களில் பேணுதல் பணியைச் செய்த பெண்கள் எக்காலத்தும் இருந்தனர்; அப்பணியைத் தொழிலாக ஏற்கும் அமைப்பே இல்லை. இரண்டாவது, சாதியும் குடும்பக் கட்டுப்பாடும் தடைகளாக இருந்தது உண்மையாயினும், 1943இல் படையிலும் 1970களில் அரசுப் பணியிலும் வாய்ப்பு வந்தபோது அவை நெகிழ்ந்து கொடுத்தன. மூன்றாவது, கிராமத்துப் பெண்ணுக்குத் தாய்மொழியில் பயிற்சி தந்து வெற்றி கண்ட திட்டம் தோட்ட வேலியைத் தாண்டியிருந்தால், தமிழ் மருத்துவச்சியின் மகள் ஒரு தலைமுறை முன்னதாகவே தாதியாகியிருத்தல் கூடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு இவ்வரலாறு நேரடியான பொருளுடையது. ஆறாம் வகுப்பிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் அந்த ஒரு படியிலேயே பல பெண்களின் தொழில்வாழ்வு முடிவு செய்யப்பட்டது. அறிவியலையும் மொழியையும் அப்படிக்கு முன்பே உறுதியாகக் கற்பித்த ஆசிரியர்கள், தாம் அறியாமலே தாதியரை உருவாக்கினர் எனலாம். ஆய்வாளர்களுக்கோ அவசரமான பணி ஒன்று உள்ளது. ஓய்வுபெற்ற டிரெசர்கள், ஆயாக்கள், மருத்துவச்சிகள், முதல் தலைமுறைத் தாதியர் ஆகியோரின் வாய்மொழி வரலாறுகளை அவர்கள் வாழும் காலத்திலேயே பதிவு செய்தல் வேண்டும். இரப்பர் ஏற்றுமதிக் கணக்குகள் ஆவணக் காப்பகங்களில் உள்ளன. அந்த இரப்பரைச் சீவியவர்களின் பிள்ளைகளை உயிரோடு காத்த கைகளைப் பற்றிய குறிப்பும் அவற்றின் அருகே இடம்பெறுதல் முறையாகும்.